பழகிய ஊர்க்காட்சியை வரைய 12 ஹாஃப் பான் வாட்டர்கலர் பெட்டி எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

மூடியில் 'லேண்ட்ஸ்கேப் செட்' என்று அச்சிட்ட 12 ஹாஃப் பான் (காய்ந்த வண்ண வில்லை வைத்த சின்னக் கிண்ணி) வாட்டர்கலர் பெட்டிகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. உருவம் ஏறக்குறைய ஒன்றுதான்: கையில் அடங்கும் தகர அல்லது பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு வரிசையில் ஆறாறு வில்லைகள், மூடியின் உட்புறத்தில் கலவைக் குழிகள், அடியில் கட்டைவிரல் நுழைக்க ஒரு வளையம், கூடவே ஒரு குட்டிப் பிரஷ் அல்லது தண்ணீர் பிரஷ் (கைப்பிடியிலேயே நீர் நிரப்புவது). சிலவற்றில் சின்ன நோட்டு ஒன்றும் இருக்கும். இந்த வகைப் பெட்டியை இங்கே ஒரே ஒரு வேலைக்காக எடை போடுகிறோம். தினமும் கண்ணில் படுகிற வயல், குளக்கரை, மண்பாதை, வைக்கோல் போர், ஓட்டுக்கூரை இவற்றை அதே இடத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வரைவதுதான் அந்த வேலை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டி வாங்கத் தகுந்தது. உள்ளே இருக்கும் 12 வண்ணங்களில் நான்கை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். கூட வரும் நோட்டு, வண்ணம் கலந்து பார்க்க மட்டும் போதும். படத்துக்கு வேறு காகிதம் வேண்டும்.

பழகிய இடத்தை வரைவது எதனால் கடினம் என்று தெரிந்தால்தான் பெட்டியின் குறை புரியும். தினமும் பார்க்கிற மரத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. மரம் பச்சை, வானம் நீலம், மண் பழுப்பு என்று மனசு பெயர் வைத்து ஒதுக்கிவிடுகிறது. வரைய உட்கார்ந்ததும் அந்தப் பெயர்தான் முதலில் கைக்கு வரும். லேண்ட்ஸ்கேப் செட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வில்லை தயாராக இருக்கிறது. பச்சைக்கு ஒன்று, அடர் பச்சைக்கு ஒன்று, மேகத்துக்குச் சாம்பல், பளிச்சிடும் இடத்துக்கு வெள்ளை. தொட்டுத் தடவினால் ஒரு கிராமம் வந்துவிடும். ஆனால் அது எந்தக் கிராமம் என்று சொல்ல முடியாது. அந்த ஒரு இடத்தை அந்த இடமாக ஆக்குவது காலை எட்டு மணிக்கு அந்தப் பாதையில் விழும் நிழலின் நீலமும், அறுவடைக்கு முந்தின வாரம் பச்சை கழன்று மஞ்சளாகும் வயலின் நிறமும்தான். எந்த நிறுவனமும் அவற்றை வில்லையாக விற்பதில்லை. கலந்துதான் எடுக்க வேண்டும்.

ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் வானத்தை மட்டுமே டஜன் கணக்கில் வரைந்து, பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றின் திசை என்று குறித்து வைத்தார். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 1891இல் வீட்டுக்கு அருகிலிருந்த வயலில் நின்ற கதிர்ப் போர்களையே திரும்பத் திரும்ப வரைந்தார். வெளிச்சம் மாறினால் ஒரு கான்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். இருவரும் எண்ணெய் வண்ணக்காரர்கள். ஆனால் அவர்கள் செய்த காரியம்தான் இந்தச் சின்னப் பெட்டிக்கும் சரியான பரீட்சை. இடம் மாறாது, வெளிச்சம் மாறும். மாறுகிற அந்த ஒன்றை வேகமாகக் கலந்து பிடிக்கப் பெட்டி உதவுகிறதா?

பெட்டியின் கட்டுமானம்

ஒரு ஹாஃப் பானில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லி வண்ணம் பிடிக்கும். முழுப் பான் அதைப் போல் இரண்டு மடங்கு. வில்லை எத்தனை நாள் வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி கலவைக் குழி எவ்வளவு பிடிக்கும் என்பது. இந்தப் பெட்டிகளின் மூடியில் இருக்கும் குழி ஒன்று, சாய்ந்தால் வழியாமல், சுமார் மூன்று மில்லி நீர்தான் தாங்கும். 15க்கு 20 சென்டிமீட்டர் தாளில் மேல் பாதி வானம் என்றால் அதை ஒரே வாஷில் (நீர்க்கக் கலந்த வண்ணத்தை ஒரே பூச்சாகப் பரப்புவது) நிரப்ப ஏறக்குறைய அந்த மூன்று மில்லி போதும். 23க்கு 31 சென்டிமீட்டர் தாளுக்குப் போனால் பாதித் தாளுக்கே ஏழு மில்லி வேண்டும். பாதி வானத்தில் கலவை தீர்ந்துவிடும். மறுபடி கலப்பதற்குள் முதல் விளிம்பு காய்ந்து, வானத்தின் குறுக்கே கோடு விழும். வாட்டர்கலரில் வானம் கெட்டுப்போகும் காரணங்களில் இதற்குத்தான் முதலிடம். பலர் தங்கள் கையில் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். குறை குழியில். எனவே இந்தப் பெட்டிக்கு 15க்கு 20தான் தாளின் எல்லை. பெரிய தாள் வேண்டுமென்றால் ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தைக் கூட எடுத்துப் போங்கள்.

புதுப் பெட்டியில் வண்ணம் குழியில் பரவாமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். அந்த நிலையில் கலவை எவ்வளவு அடர்த்தி என்று கண்ணால் கணிக்கவே முடியாது. பழுதல்ல; மேற்பரப்பு மிகவும் வழவழப்பாக இருப்பதுதான் காரணம். பற்பசையையோ சமையல் சோடாவையோ விரலில் எடுத்து ஐந்து நிமிடம் மெதுவாகத் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரும்பு நார் வைத்துத் தேய்க்கக் கூடாது. தகரப் பெட்டியில் எனாமல் கீறினால் அந்த இடத்தில் துருப் பிடிக்கும். துரு கலந்தால் மஞ்சள் எல்லாம் அழுக்காகும். பிளாஸ்டிக்கில் துருத் தொல்லை இல்லை, ஆனால் தாலோ (அடர்ந்த செயற்கை நீல, பச்சை நிறமி) போன்ற சாயம் ஏறும் வண்ணங்களின் கறை போகாது. எங்கள் தேர்வு தகரம்தான். அடியில் ஒரு மெல்லிய காந்தத் துண்டு ஒட்டிய வில்லைகளை விருப்பப்படி இடம் மாற்றிக்கொள்ளலாம், நடுவில் இருக்கும் பட்டையைக் கழற்றினால் மூன்றாவது வரிசைக்கும் இடம் கிடைக்கும்.

உள்ளே இருக்கும் வண்ணங்கள்

இந்த செட்டுகளில் பொதுவாக வருபவை: லெமன் மஞ்சள், காட்மியம் மஞ்சள் ஹ்யூ, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), ஒரு சிவப்பு, அலிசரின் கிரிம்சன் (கருஞ்சிவப்பு), அல்ட்ராமரின் (அடர் நீலம்), சாப் கிரீன், ஹூக்கர்ஸ் கிரீன், பேய்ன்ஸ் கிரே (நீலச் சாம்பல்), சைனீஸ் ஒயிட். நிறுவனத்துக்கு நிறுவனம் ஒன்றிரண்டு மாறும். பெயரை நம்பாமல் வில்லையின் உறையில் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். 'ஹ்யூ' என்று பெயரில் இருந்தால் அசல் நிறமிக்குப் பதில் அதே சாயல் தரும் வேறொன்று வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அது மட்டமானது என்று அர்த்தமில்லை. விலை உயர்ந்த, நச்சுள்ள காட்மியத்துக்குப் பதிலாக வெயிலில் மங்காத கரிம மஞ்சள் கிடைத்தால் நல்லதுதான்.

வைத்துக்கொள்ள வேண்டியவற்றில் முதல் மூன்று: யெல்லோ ஆக்கர் (பிஒய் 43 அல்லது பிஒய் 42), பர்ன்ட் சியன்னா (பிபிஆர் 7 அல்லது பிஆர் 101), அல்ட்ராமரின் (பிபி 29). ஊர்க்காட்சியின் பாதிக்கு மேல் இந்த மூன்றிலேயே வந்துவிடும். அல்ட்ராமரினில் பர்ன்ட் சியன்னாவைச் சேர்த்துக்கொண்டே போய்ப் பாருங்கள். நீலம் மிகுந்தால் மழை மேகம், சமமானால் நடுநிலைச் சாம்பல், சியன்னா மிகுந்தால் மரப்பட்டை. தண்ணீர் குறைத்துக் கலந்தால் கருப்புக்குப் பக்கத்தில் போகும். அல்ட்ராமரினுக்கு இன்னொரு நல்ல குணம், கரடான தாளில் மணல் மணலாகப் படிவது. மண்சுவர், காய்ந்த வரப்பு, நிழல் விழுந்த பாதை எல்லாவற்றுக்கும் அந்தப் பொரிப்பொரியான படிவு தானாகவே பொருந்திவிடுகிறது; அதற்காக எந்த வித்தையும் செய்ய வேண்டியதில்லை.

எடுத்துவிட வேண்டிய நான்கில் முதலாவது சைனீஸ் ஒயிட். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாளின் வெள்ளை. வில்லை வெள்ளையை மற்ற வண்ணத்தில் கலந்தால் சுண்ணாம்பு பூசியது போல் ஆகும். அந்த இடத்தில் தாலோ நீலம், பச்சைச் சாயல் உள்ளது (பிபி 15:3), வைக்கலாம். செட்டில் ஒரே ஒரு நீலம்தான் இருக்கிறது, அதுவும் சிவப்புச் சாயல் உள்ள அல்ட்ராமரின். இளம் பயிரின் கண்ணைப் பறிக்கும் பச்சை அதில் வரவே வராது.

இரண்டாவது ஹூக்கர்ஸ் கிரீன். தாவரப் படங்கள் வரைந்த வில்லியம் ஹூக்கர் இலையின் நிறத்துக்காகக் கலந்துகொண்ட பச்சை அது. பிரஷ்யன் நீலமும் கேம்போஜ் மஞ்சளும் சேர்ந்தது. கையில் பிடித்துப் பார்க்கும் ஒரு இலைக்குப் பொருத்தமான நிறம். அரை மைல் தள்ளி நிற்கும் தோப்புக்கு அப்படியே வைத்தால் தோப்பு மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். இந்த இடத்தில் இன்னொரு அல்ட்ராமரின் வில்லையை வைக்கச் சொல்வோம். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பெட்டியில் முதலில் தீர்வது அதுதான். அதோடு, ஒன்றை மஞ்சள் தொட்ட பிரஷ்ஷுக்கும் மற்றதைச் சுத்தமான வானத்துக்கும் என்று பிரித்து வைத்தால் வானத்தில் பச்சை ஏறாது.

மூன்றாவது பேய்ன்ஸ் கிரே. பதினெட்டாம் நூற்றாண்டின் வில்லியம் பேய்ன் பெயரால் வந்தது. இன்று வில்லையில் வருவது பெரும்பாலும் கருப்பும் அல்ட்ராமரினும். நிழலுக்கெல்லாம் இதை எடுத்தால் எல்லா நிழலும் ஒரே நிழலாகிவிடும். அந்த இடத்துக்கு செருலியன் நீலம் (பிபி 35). அடிவானத்தை ஒட்டிய வெளிறிய வானத்துக்கும் தூரத்துக் குன்றுக்கும் இதைவிட நல்லது கிடையாது. நான்காவது அலிசரின் கிரிம்சன், அதுவும் குறியீடு பிஆர் 83 என்று இருந்தால் மட்டும். அது மெலிதாகப் பூசிய இடங்களில் வெளிச்சம் பட்டு மங்கும். பிவி 19 குறியீடு உள்ள குவினாக்ரிடோன் ரோஸ் அந்த வேலையை நிலையாகச் செய்யும். சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரு பட்டையாகப் பூசி, பாதியைக் கனத்த அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் வைத்துவிட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள்.

சாப் கிரீன் இருக்கட்டும். தனியாக அல்ல, கலவைக்கு அடிப்படையாக. பர்ன்ட் சியன்னாவோடு சேர்ந்தால் பழைய மரத்தின் பச்சை வரும். கொஞ்சம் குவினாக்ரிடோன் ரோஸ் சேர்த்தால் பச்சையின் துடுக்கு அடங்கும்.

பச்சைகளைக் கலப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. குழியில் முதலில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு அதில் நீலத்தைச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் நீலத்தை அடக்க மஞ்சள் கொட்டிக்கொண்டே போக நேரும், வில்லை கரையும். வெயிலில் நிற்கும் இளம் பயிருக்கு லெமன் மஞ்சள் ஒரு குழி, தாலோ நீலம் பிரஷ் நுனியில் ஒட்டின அளவு. கூடவே பர்ன்ட் சியன்னா ஒரு துளி, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பச்சையாகத் தெரியும். முதிர்ந்த இலைக்குக் காட்மியம் மஞ்சளும் அல்ட்ராமரினும் கண் மதிப்பில் சமமாக. காய்ந்த புல்லுக்கு ஆக்கர் மூன்று பங்கு, அல்ட்ராமரின் ஒரு பங்கு. இது பச்சையா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறமாக வரும், அதுதான் வேண்டும். மண்பாதைக்கு ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும், தண்ணீர் அதிகம். அதன்மேல் விழும் நிழல், அடிவாஷ் நன்றாகக் காய்ந்த பிறகு, அல்ட்ராமரின் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு. வெட்டவெளி நிழலில் வானத்தின் ஒளி விழுவதால் அது நீலம் கலந்துதான் இருக்கும்.

மரத்தைப் பார்க்கும்போது மூன்று பச்சைகளைப் பிரித்துப் பாருங்கள். இலையின் வழவழப்பான மேற்பரப்பு வானத்தைப் பிரதிபலிக்கும். அங்கே பச்சையில் நீலச் சாம்பல் இருக்கும். வெயிலுக்கு எதிராகப் பார்க்கும் இலையில் ஒளி ஊடுருவி வரும். அங்கே மஞ்சள் தகதகக்கும். கிளைகளின் உள்ளே இரண்டும் இல்லாத கருமை. ஒரே வில்லையில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் இந்த மூன்றையும் எடுக்க முடியாது. இலைகளுக்கு இடையே தெரியும் வானத் துளைகளை வெளி வானத்தைவிட ஒரு பிடி கருமையாக வைக்க வேண்டும்; அதே வெளிச்சத்தில் வைத்தால் துளைகள் மரத்துக்கு முன்னால் மிதக்கும்.

அதே இடம், அடுத்த நாள்: பெட்டியோடு வேலை செய்யும் முறை

பெட்டியைத் திறக்கும் முன் பென்சிலில் நாலைந்து கட்டங்கள் போடுங்கள், ஒவ்வொன்றும் நான்குக்கு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அதில் வெள்ளை, நடுத்தரம், கருமை என்று மூன்றே தரங்களில் காட்சியைப் பிரித்து நிரப்ப வேண்டும். ஒரு கட்டத்துக்கு மூன்று நிமிடம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இலை, ஓடு, கல் எல்லாம் மறைந்து தரங்கள் மட்டும் தெரியும். அட்டையில் தாளின் விகிதத்தில் ஓட்டை வெட்டிக் கண்ணுக்கு முன் பிடித்துப் பாருங்கள். தினமும் பார்க்கிற இடத்தில் எல்லாமே முக்கியம் என்று தோன்றும். கிணறும் வேண்டும், வைக்கோல் போரும் வேண்டும், ஆலமரமும் வேண்டும் என்று மனசு கேட்கும். அட்டைச் சட்டம்தான் அதற்குக் கடிவாளம். கட்டங்களில் எதில் கருமை ஒரே இடத்தில் திரண்டு நிற்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

நிழல்களின் விளிம்பை முதலில் பென்சிலில் குறித்துவிட்டு, பிறகு வெயில் எப்படி நகர்ந்தாலும் அதை மாற்றாமல் இருக்க வேண்டும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் பாதையின் இடப்பக்க நிழல் வேறெங்கோ போயிருக்கும். பாதி நிழல் எட்டு மணிக்கும் பாதி பத்து மணிக்கும் விழுந்த படத்தில் எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் பார்க்கிறவருக்கு உறுத்தும். தாளின் பின்புறம் தேதி, நேரம், வானம் எப்படி என்று எழுதி வையுங்கள். பத்துப் படம் சேர்ந்ததும் அந்தக் குறிப்புகள்தான் படங்களைவிடப் பெரிய பொக்கிஷம். எந்த மாதம் எந்த மணிக்கு அந்தச் சுவர் ஆரஞ்சாகும் என்று அடுத்த வருடம் தெரிந்தே போய் உட்காரலாம்.

தாள் எப்போதும் நிழலில் இருக்கட்டும். நேர் வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசும். வண்ணம் எல்லாம் வெளிறித் தெரிவதால் கை தானாகக் கருமையை ஏற்றிவிடும், வீட்டுக்குள் கொண்டுவந்தால் படம் இருண்டு கிடக்கும். வண்ணக் குடையும் ஆகாது, அதன் சாயல் தாளில் விழும். வெள்ளை அல்லது கருப்புக் குடை சரி.

வாஷ்களின் வரிசை வெளிச்சத்திலிருந்து கருமைக்கு. வானம் முதலில், அதன் அடிப்பகுதியிலேயே தூரத்துக் குன்றுகள், பிறகு நடுவில் இருக்கும் வயல், கடைசியாக முன்னால் இருப்பது. தூரம் போகப் போக வண்ணம் நீலம் ஏறி, கருமைக்கும் வெளிச்சத்துக்குமான இடைவெளி குறைய வேண்டும். காய்ந்ததும் வாட்டர்கலர் வெளிறும் என்பதால், ஈரத்தில் சரியாகத் தெரிந்தால் காய்ந்தபின் போதாது. ஈரத்தில் ஒரு தரம் கருமையாக வையுங்கள்.

ஈரத்தைப் படிப்பதுதான் இந்த வேலையின் உயிர். தாள் கண்ணாடி மாதிரி மின்னும்போது வண்ணம் விட்டால் எங்கும் ஓடும். மேகத்துக்கு அது நல்லது. மின்னுவது அடங்கிப் பட்டுப் போல் ஒரு மினுமினுப்பு மட்டும் இருக்கும்போது தூரத்து மர வரிசையை வைத்தால் மெத்தென்ற விளிம்போடு அங்கேயே நிற்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் மினுமினுப்பும் போய்விடும். ஆனால் புறங்கையை வைத்தால் தாள் குளுகுளுவென்றிருக்கும். அப்போது தொடவே கூடாது. தாளைவிட அதிக ஈரமுள்ள பிரஷ் பட்டால் அந்த நீர் வெளிப்புறமாகப் பரவி, காயாத நிறமியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூக்கோசு போன்ற கறையாக ஒதுக்கிவிடும். புறங்கைக்குக் குளிர்ச்சி தெரியாத வரை பொறுங்கள்.

குளம் வரையும்போது ஒரே ஒரு எச்சரிக்கை: கரையில் இருப்பதைத் தலைகீழாக நகல் எடுக்காதீர்கள். நீரில் தெரிவது நீர்மட்டத்துக்குக் கீழிருந்து மேலே பார்த்தால் தெரிகிற தோற்றம். கரையில் தெரியாத கூரையின் அடிப்பகுதி நீரில் தெரியும். கரைக்குப் பின்னால் தள்ளி நிற்கும் மரம் நீரில் குட்டையாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. வெளிச்சமான பொருளின் பிம்பம் கொஞ்சம் மங்கலாகவும், கருமையான பொருளின் பிம்பம் கொஞ்சம் வெளிறியும் இருக்கும்.

பிரஷ், காகிதம்

செட்டோடு வரும் தண்ணீர் பிரஷ், பேருந்தில் உட்கார்ந்து குறிப்பு எடுக்க நல்லது. இந்த வேலைக்கு ஆகாது. கைப்பிடியை அழுத்தும்போது எவ்வளவு நீர் வரும் என்று கட்டுப்படுத்த முடியாது. அடர் கலவையை எடுத்துப் போனால் பாதி வழியில் தானே நீர்த்துப்போகும். கருமை வேண்டிய இடத்தில் சாம்பல் விழும். மூடியே கைப்பிடியாக மாறும் பயணப் பிரஷ்களில் 8 எண் ரவுண்ட் (கூர்நுனி உருண்டைப் பிரஷ்) ஒன்று, 4 எண் ஒன்று போதும். எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எனவே 8 என்பதை நனைத்தபின் வயிறு ஆறேழு மில்லிமீட்டர் அகலம் உள்ள பிரஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை முடி போதுமானது. நுனி ஓராண்டில் வளைந்துவிட்டால் அதை மரத்தின் வெளிவிளிம்பில் உலர் பிரஷ்ஷாகத் தேய்க்கப் பயன்படுத்தலாம்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் காகிதம். மாணவர் தர வண்ணத்தை நல்ல பருத்திக் காகிதத்தில் பூசினால் நல்ல படம் வரும். உயர்ந்த வண்ணத்தை மரக்கூழ் நோட்டில் பூசினால் வராது. மரக்கூழ் தாளில் நீர் மேலேயே நின்று திட்டுத் திட்டாகக் காயும், இரண்டாவது வாஷ் முதலாவதைக் கிளறிவிடும். பாதையின் நிழலை ஆக்கர்மேல் ஏற்றும்போது சேறாவது இதனால்தான். 100 சதவீதப் பருத்தி, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), கோல்டு பிரஸ் (லேசாகக் கரடான மேற்பரப்பு). நான்கு விளிம்பும் ஒட்டிய பிளாக் வாங்கினால் தாள் அலைபோல் எழும்பினாலும் காய்ந்ததும் பெரும்பாலும் இறுகிவிடும். முழுதும் காயும் முன் தாளைப் பெயர்க்காதீர்கள். தனித்தாள் என்றால் ஐந்து நிமிடம் நீரில் ஊறவைத்துப் பலகையில் விரித்து, நனைத்து ஒட்டும் பழுப்புக் காகித டேப்பால் நாலு பக்கமும் ஒட்டி இரவு முழுவதும் காயவிடலாம்.

வாங்கி அலமாரியில் வைத்த தாள் ஈரக்காற்றில் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. வண்ணம் உடனே உள்ளே இறங்காமல் தடுக்கும் பசை தாளில் இருக்கிறது. அது சிதைந்தால் வாஷ் பூசியதும் கரும்புள்ளிகளாகவும் வெளிறிய திட்டுகளாகவும் தெரியும், மை ஒற்றும் தாளில் பூசியது போல. சரிசெய்ய வழியில்லை. வரையத் தொடங்கும் முன் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் தாள் நலம், உடனே இருண்டு உள்ளே போனால் அந்தத் தாள் பென்சில் கட்டங்களுக்கு மட்டும். பாக்கி இருப்பதைக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள்.

பராமரிப்பும் மறு நிரப்பலும்

வேலை முடிந்ததும் பெட்டியை ஈரத்தோடு மூடினால் சில நாட்களில் வில்லைமேல் பூஞ்சை படரும். குழிகளைத் துடைத்து, திறந்தபடி ஓர் இரவு காயவிட்டு மூடுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் மேல் அடுக்கைச் சுத்த நீரில் கழுவி எடுத்துவிட்டு நன்றாக உலர்த்துங்கள். நாற்றம் போகாவிட்டால் அந்த வில்லையைக் கொட்டிவிடுவது மேல். தேன் சேர்த்த வண்ணங்கள் ஈரமான காலநிலையில் முழுதாக இறுகாது, பெட்டியைச் செங்குத்தாக வைத்தால் வழிந்து பக்கத்து வில்லையில் ஏறும். அவற்றைப் படுக்கை வாட்டத்தில்தான் கொண்டுபோக வேண்டும்.

தீர்ந்த வில்லைக்குப் பதில் புது வில்லை வாங்குவதைவிட டியூபிலிருந்து நிரப்புவது மலிவு. ஐந்து மில்லி டியூப் இரண்டு ஹாஃப் பானை நிரப்பிவிட்டுக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஒரேயடியாக நிரப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக நின்று, பிறகு சுருங்கி வெடித்துத் துண்டாகக் கழன்று விழும். மூன்றில் ஒரு பங்கு விட்டு, பல்குத்தும் குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழை எடுத்து, ஓரிரு நாள் காயவிட்டு, அடுத்த பங்கு. முதலில் அல்ட்ராமரின், அடுத்து ஆக்கர், அதற்கடுத்துப் பர்ன்ட் சியன்னா என்ற வரிசையில்தான் இந்த வேலையில் வில்லைகள் தீரும். மூன்று டியூபையும் பெட்டியோடு சேர்த்தே வாங்கிவிடலாம்.